குளவி வந்த காட்சி

ஏழாவது தடவையும் அந்த நடிகர் ஒழுங்காக விழவில்லை.

உடப்புசல்லாவை ரோட்டுக்கு மேலே, எங்கள் தோட்டத்துக் கோயில் முன்னால் படப்பிடிப்பு. யுத்தத்துக்குப் போய் வந்த பழைய ஆமிக்காரர் ஒருவர், திருவிழாவில் வெடிச் சத்தம் கேட்டதும் பழசெல்லாம் ஞாபகம் வந்து தரையில் விழ வேண்டும். அவ்வளவுதான் காட்சி. நடிகரோ முட்டி நோகாமல், சட்டையில் சேறு படாமல், சோபாவில் உட்காருகிறவர் மாதிரி விழுந்தார்.

திருவிழாக் கூட்டம் நாங்கள்தான். தோட்டத்து லய வீடுகளில் குடியிருக்கிற சனம் முழுக்கப் பட்டுச் சேலையும் பவுடருமாக வந்துவிட்டோம். எங்க வீட்டுக்காரர் அழகுமுத்து தப்பு மேளம் அடித்தார். ஆடி ஆடி இடுப்பு கழன்றது, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வெடியும் சும்மாதான். உதவியாள் ஒருத்தன் கையைக் குவித்து வாயால் 'டமார்' என்பான். அதற்கே வீரம்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாயால்தான் வெடி என்று உறுதியாகக் கேட்டபிறகே எங்க வீட்டுக்காரரை வர விட்டேன். தீபாவளி வந்தால் அவருக்கு வருஷா வருஷம் 'காய்ச்சல்' வரும். கதவைச் சாத்திப் போர்வைக்குள் படுத்துவிடுவார்.

அவர் ஆறு வருஷம் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் இருந்தார் என்று லயம் பூராவும் சொல்லி வைத்திருப்பவள் நான்தான். அந்த ஆறு வருஷமும் வன்னியில் இயக்கத்தில் சேர்ந்து துப்பாக்கி தூக்கினார் என்று தெரிந்தால் அடுத்த நாளே யாராவது விசாரிக்க வந்து நிற்பார்கள். அந்தப் பயத்திலேயே எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

எட்டாவது தடவை, டைரக்டர் தம்பி யாரிடமும் சொல்லாமல் நிஜ வெடியைக் கொளுத்த வைத்துவிட்டார். நடிகரைத் திடுக்கிட வைக்கிற யோசனையாம்.

மலையே அதிர்ந்தது.

நடிகர் மரம் மாதிரி நின்றார். தப்புச் சத்தம் நின்றுபோனது. எங்க வீட்டுக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார். தப்பு அவர் வயிற்றுக்கடியில் கிடந்தது.

கூட்டம் அவர் பக்கம் திரும்பத் தொடங்கியது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"குளவி, குளவி வருது, எல்லாரும் படுங்க!"

மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளுக்கு இந்த ஒரு சொல் போதும். நின்று யோசிக்க மாட்டாள். நூறு பேரும் ஒரே நொடியில் குப்புற விழுந்து தலையைப் பொத்தினோம். கங்காணி விழுந்தார். பூசாரி தட்டோடு விழுந்தார். நிமிர்ந்து நின்றது அந்த நடிகர் மட்டும்தான்.

டைரக்டர் தம்பிக்கு 'கட்' சொல்லக்கூட வாய் வரவில்லை. அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி குளவி?" என்று வீரம்மா அக்கா சேற்றிலிருந்து தலையைத் தூக்கினாள்.

பட்டுச் சேலை பாழாய்ப் போச்சென்று ஆளாளுக்கு என்னைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே சிரித்தார்கள். பைத்தியக்காரி என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது.

எல்லோரும் எழுந்த பிறகும் ஒருவர் மட்டும் எழவில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தார் லைட்காரர் பந்துல ஐயா. கினிகத்தேனை ஊர்ச் சிங்களவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மூன்று நாளாக அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிறேன், தமிழில் ஒரு சொல் தெரியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே, வெடிச் சத்தத்துக்கே, கதையில் வருகிற ஆமிக்காரர் மாதிரி அவர் தரையில் கிடந்தார்.

எங்க வீட்டுக்காரர் போய் அவரைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார். பிடித்த கையை விடாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

பிறகு எங்க வீட்டுக்காரர் வானத்தைக் காட்டி, "குளவி" என்றார்.

பந்துல ஐயா அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஓவ், ஓவ்" என்று சிங்களத்தில் ஆமாம் போட்டுத் தலையை ஆட்டினார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தமிழிலேயே சொன்னார்.

"குளவி."