ஏழாம் தகவலாளி

"பெயரைச் சொல்லுங்கள்."

புறத்தேர்வாளரின் குரல் ஒலிபெருக்கியில் தன்மையாகத்தான் வந்தது.

அவள் ஆய்வேட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

சாமியாடும் பெண்களைப் பற்றிய ஆய்வு. வருடக்கணக்கில் ஒரே ஊரில் தங்கிச் செய்தது. வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சோறு போட்ட ஊராயிற்றே என்று அவள்தான் எல்லோரையும் அழைத்திருந்தாள். பூசாரியும் சாமியாடும் பெண்களும் ஒரு வேன் நிறைய வந்திறங்கியிருந்தார்கள். தேர்வு முடிந்ததும் அவளுக்குப் போர்த்த ஒரு சால்வை பூசாரியின் மடியில் இருந்தது.

அழைக்கும்போது ஆய்வேட்டின் இந்தப் பக்கம் அவள் நினைவுக்கு வரவில்லை.

தேர்வாளர் மறுபடியும் வாசித்தார்.

"'அன்னைக்கு எனக்குச் சாமி வரல. நானாத்தான் ஆடுனேன்.' சொன்னவர் ஏழாம் தகவலாளி என்று போட்டிருக்கிறீர்கள். இந்த இயலே இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. யார் அவர்?"



பூசாரி மெல்லத் திரும்பினார். தன் வரிசைப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

அந்த வரிசையின் கோடியில் அக்கா இருந்தாள். கூடப் பிறந்தவள் அல்ல; அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அக்காவின் பக்கத்தில் மகள் காளீஸ்வரி. நர்சிங் சேர்ந்திருக்கிறாள். பின்னால் அக்காவின் தம்பி முத்திருளன். வேனை ஓட்டிவந்தவன்.

காளீஸ்வரி பத்தாவது படிக்கும்போது அவளை முத்திருளனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்தார்கள். அக்கா அழுதாள். கும்பிட்டாள். அவள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

பங்குனிப் பொங்கலில் உடுக்கை அடித்தது. அக்கா ஆடினாள்.

"பிள்ள படிக்கட்டும்டா. பந்தக்கால் நட்டா நான் பொறுக்க மாட்டேன்."

அம்மன் வாக்கு. அதற்குமேல் ஊரில் பேச்சில்லை.

முத்திருளன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மன் மனசு மாறாமலா போகும் என்று சொல்லித் திரிகிறான்.

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டேதான் அக்கா இதையெல்லாம் அவளிடம் சொன்னாள். "எழுதிக்க பாப்பா. வேற எந்தப் பிள்ளைக்காவது வழியாகும். பேரு மட்டும் வேணாம்."

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பொங்கலிலிருந்து அக்கா யாருக்கும் திருநீறு பூசுவதில்லை. பொய் சொன்ன உடம்பு, அந்தக் கையால் எப்படிப் பூசுவது என்றாள். ஊர் அதை விரதம் என்று எடுத்துக்கொண்டது.

"ஒலிப்பதிவு இருக்குமே?" என்றார் தேர்வாளர்.

"அழித்துவிட்டேன் ஐயா."

நெறியாளர் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "சபையில சொல்ல வேண்டாம்மா. இதுல எழுதிக் குடு. பார்த்துட்டுக் கிழிச்சிடுவார்." நல்ல மனிதர். அவள் நன்மைக்குத்தான் சொன்னார்.

அவள் தாளை அவரிடமே நகர்த்தினாள்.

வரிசையின் கோடியைப் பார்த்துவிடக் கூடாது. காட்டிக்கொடுக்க ஒரு கண்ணசைவு போதும்.

எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் கெட்டவர் அல்லர். விதியை அவர் எழுதவில்லை.

"ஆதாரம் கேட்பது என் கடமை அம்மா. நீங்கள் பெயர் சொல்லாவிட்டால், இப்படி ஒரு பெண்ணே இல்லை, நீங்களாக எழுதிக்கொண்டீர்கள் என்றுதான் நான் குறிக்க வேண்டிவரும். பட்டம் நின்றுபோகும்."

இப்படி ஒரு பெண்ணே இல்லை.

அந்தச் சொல்லை அவள் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இல்லாத பெண்ணை யார் தேடிப் பிடிக்க முடியும்?

நிமிர்ந்தாள்.

"அப்படியே குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. அப்படி ஒரு பெண் இல்லை."

நெறியாளர் கண்களை மூடிக்கொண்டார்.

முத்திருளன் வாய்விட்டுச் சிரித்தான். "நம்ம சோத்தத் தின்னுட்டு நம்ம சாமி மேலயே கத கட்டியிருக்கு பாருங்க மாமா."

பூசாரியின் தோள்கள் தளர்ந்தன. "விடப்பா. படிச்ச பிள்ளைக வேற என்ன செய்யும்."

சால்வையை எடுத்துப் பைக்குள் திணித்தார்.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். எழுதினார். மூடினார்.

கூட்டம் எழுந்தது. எல்லோருக்குமென்று அவள் வாங்கிவைத்த பக்கோடாவும் தேநீரும் ஆறிக் கிடந்தன. அவள் முகத்தைப் பார்க்காமல் ஊர் வாசலுக்கு நடந்தது.

அவள் காகிதங்களை அடுக்கினாள். 

வாசலில் அக்கா பூசாரியை மறித்து நின்றாள்.

"திருநீத்துப் பையக் குடுங்க."

"விரதம் முடிஞ்சிருச்சா தாயி?"

அக்கா கையை நீட்டினாள். பையை வாங்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நாற்காலிகளின் நடுவே திரும்பி வந்தாள். மேடையின் படியில் ஏறினாள்.

உடுக்கை இல்லை. குலவை இல்லை.

அக்கா அவள் நெற்றியில் விரலை வைத்தாள். அந்த விரல் நடுங்கியது. தோள் நடுங்கியது. முடிந்திருந்த கொண்டை தானாக அவிழ்ந்தது.

அந்த நடுக்கத்தை அவள் எத்தனையோ கோயில் கொடைகளில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

பூசாரி அவளுக்கு முன்பிருந்தே பார்த்து வருகிறவர்.

வாசலில் நின்றபடியே அவர் செருப்பைக் கழற்றினார்.