மூன்றரை

வலது பக்கம் ஏழு ஆக்ஸிஜன். இடது பக்கம் என்ன செய்தாலும் ஏழு வர மறுத்தது.

சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டியபடி கரும்பலகை முன்னால் நின்றாள் மருந்துக்கடைக்காரி. மாலை வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். பகலெல்லாம் கவுன்ட்டரில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள், கல்யாணத்தால் விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்பை இப்போதுதான் முடிக்கப் பார்க்கிறாள்.

ஈத்தேன் எரிகிறது. கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும் உண்டாகின்றன. எரிவதற்கு முன்னும் பின்னும் அணுக்களின் கணக்கு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். கார்பன் ஒத்துவிட்டது. ஹைட்ரஜனும் வம்பில்லாமல் வந்துவிட்டது. ஆக்ஸிஜன்தான் அடம்பிடித்தது. இடது பக்கத்தில் அது ஜோடி ஜோடியாக மட்டுமே வரும்.

பெஞ்சில் வைத்துவிட்டு வந்த கைப்பைக்குள் போன் உர்ரென்றது.

யாரென்று பார்க்கத் தேவையில்லை. மகளின் அப்பா. மதியம் கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் பதில் போடவில்லை. 'வாரம் மாத்தி வாரம் வெச்சுக்கலாமா? இன்னைக்குச் சொல்லிடு. பாப்பாதான் கேக்கறா.'

பாப்பா கேட்கிறாளாம். கேட்க வைத்தது யாராம்?

பிரிந்தபோது வாரத்தை நேர் பாதியாகப் பிளந்துகொண்டார்கள். ஞாயிறிலிருந்து புதன் மத்தியானம் வரை மகள் இவளோடு. புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அவன் வீட்டுக்குப் போவாள். சனிக்கிழமை ராத்திரி கொண்டுவந்து விடுவான். அந்த அரை நாளுக்காக இவள் எத்தனை பேரிடம் தொண்டை வறளப் பேசியிருக்கிறாள். இப்போது ஒரு வாரம் முழுக்க அங்கே, ஒரு வாரம் முழுக்க இங்கே என்கிறான். ஏழு ராத்திரி பிள்ளை முகத்தைப் பார்க்காமல் தூங்க வேண்டுமாம்.

கை தானாக ஆக்ஸிஜனுக்கு முன்னால் 3½ என்று எழுதியது. பழகிப்போன எண். மூன்றரை ஜோடி, ஏழு. சரியாக வந்துவிட்டது!

"அக்கா, அரை மூலக்கூறை எங்கக்கா பார்த்தீங்க?" என்றாள் மிஸ். வயதில் சின்னவள், எல்லாரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் மிஸ், எங்க பஸ்ல அரை டிக்கெட் இல்லையா?" கடைசி பெஞ்சிலிருந்து கண்டக்டர். "டிக்கெட்தான் அரை. உக்கார்றது முழு சீட்டு, அதுவும் ஜன்னலோரம் கேக்கும்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அழித்தாள். முன்னால் எண் போட்டால்தானே வம்பு? O₂-வின் கால்மாட்டில் இருந்த குட்டி இரண்டைத் தேய்த்துவிட்டு, அங்கே ஏழைப் போட்டாள்.

"ஐயையோ, அந்தக் குட்டி நம்பர்ல மட்டும் கை வைக்காதீங்கக்கா! எத்தனைங்கறத மாத்தலாம். அது என்னங்கறத மாத்தக் கூடாது."

சாக்பீஸ் கையிலேயே முறிந்தது. போன் மறுபடி உர்ரென்றது.

கடையில் சில மாத்திரைகளைக் கொடுக்கும்போது அவளே சொல்வாள்: இதைப் பாதியா உடைக்காதீங்க, உடைச்சா கெடுதல்.

இன்று புதன்கிழமை. காலையில் மகள் புத்தகப் பையைத் தோளிலும் துணிப் பையைக் கையிலும் மாட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்துபோனாள். ஒவ்வொரு புதனும் ஏதாவது ஒன்று தவறும். போன வாரம் ஷூ. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. விளையாட்டு பீரியடில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாளாம்.

அந்தத் துணிப் பையை மகள் காலி செய்வதே இல்லை. எடுப்பாள், உடுத்துவாள், துவைத்து மடித்துக் கொடுத்தால் திரும்பவும் பைக்குள்ளேயே வைப்பாள். எட்டு வயதில் என்ன ஒழுங்கு பாருங்கள் என்று பக்கத்து வீட்டில் இவள் பெருமையடித்திருக்கிறாள்.

"அப்ப என்னதான் மிஸ் பண்றது?"

"பாதி வந்துச்சா, எல்லாத்தையும் ரெண்டால பெருக்கிடுங்க. ரெண்டு பக்கமும்."

குட்டி இரண்டையும் மூன்றரையையும் திரும்ப எழுதிப் பெருக்கினாள். ஆக்ஸிஜனுக்கு முன்னால் முழுசாக ஒரு ஏழு வந்து உட்கார்ந்தது. அணுக்களை எண்ணினாள். தன் கணக்கில் அவளுக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது, விரலை வைத்து மறுபடி எண்ணினாள். இடது பக்கம் பதினான்கு. வலது பக்கம் பதினான்கு. அரை எங்கேயும் இல்லை.

பதினான்கு நாள். ஏழு அங்கே, ஏழு இங்கே.

கண்டக்டர் விசிலடித்தார். அவள் விடுவிடுவென்று பெஞ்சுக்கு வந்து, சாக்பீஸ் அப்பிய விரலாலேயே போனைத் திறந்தாள். யோசிக்க விட்டால் மனசு மாறிவிடும்.

'சரி. இந்தச் சனிக்கிழமை கூட்டிட்டு வர வேண்டாம். அடுத்த புதன் நான் ஸ்கூல்ல வந்து கூட்டிக்கறேன்.'

அனுப்பிவிட்டாள்.

அவன் உடனே பார்த்துவிட்டான். 'டைப்பிங்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது.

நினைத்ததைச் சாதித்துக்கொண்டவனுக்கு இவ்வளவு என்ன யோசனை?

மிஸ் அடுத்த சமன்பாட்டைப் பாதி எழுதிய பிறகுதான் பதில் வந்தது.

'போன வாரமே பாப்பா அழுது கேட்டா. அம்மாகிட்ட கேக்கறேன்னு சத்தியம் பண்ணிட்டேன். நீ ஒத்துக்கவே மாட்டேன்னு நம்பித்தான் கேட்டேன்.'