இரண்டு புள்ளி ஐந்து ஆறு

அறுபத்து நான்கை நூறால் வகுத்து நான்கால் பெருக்கினார். இரண்டு புள்ளி ஐந்து ஆறு.

அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதேதான். எத்தனை தரம் கேட்டாலும் சொன்னதையே சொல்லக் கால்குலேட்டருக்கு அலுப்பே இல்லை.

பாடம் பாடமாக மாற்றிச் சராசரி எடுத்துப் பார்த்தார். தலையைச் சுற்றித் தொட்டாலும் மூக்கு அதே இடத்தில்தான் இருந்தது.

மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் அவருக்குத் ‘தசமம்’ என்று பெயர். வெளிப் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கிவிட்டு விண்ணப்பிக்கிறவர்களின் மதிப்பெண்ணை இந்தக் கல்லூரியின் நான்கு புள்ளிக் கணக்குக்கு மாற்றித் தருவது அவர் வேலை. புள்ளிக்குப் பின்னால் வருவதில் ஓர் இம்மிகூடக் கூட்டிக் கொடுக்கமாட்டார் என்பதால் வந்த பெயர்.

மூன்றரை இருந்தால் உள்ளே. குறைந்தால் வெளியே.

இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இரண்டு மணிக்குப் பட்டியல் மேலே போய்விடும். மேஜையில் இருப்பது கடைசி ஃபைல். அந்த அறைக்கு வரும் ஃபைல்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இது நூற்று நாற்பத்தொன்று. இது தேறாவிட்டால், காத்திருப்புப் பட்டியலில் முதலில் நிற்கிற எண்பத்தாறுக்குப் போகும் அந்த இடம்.

நூற்று நாற்பத்தொன்று படித்த பல்கலைக்கழகத்துக்குக் கை இறுக்கம் அதிகம். அங்கே அறுபது வாங்கினாலே முதல் வகுப்பு. இந்தப் பிள்ளை மொத்தத்தில் அறுபத்து நான்கும் உயிரியலில் எழுபத்தொன்றும் வாங்கியிருந்தது. அந்த ஊர்க் கணக்கில் அது மலை.

அப்படிப்பட்ட இடங்களுக்கென்று அலுவலகத்தில் ஓர் அட்டவணை உண்டு. அதன்படி முதல் வகுப்புக்கு மூன்று புள்ளி ஏழு.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பல்கலைக்கழகம் சில வருஷங்களுக்கு முன்னால்தான் ஒரு பழைய பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் வந்தது. அட்டவணையில் தாய்வீடு இருக்கிறது. தனிக்குடித்தனம் இல்லை.

அட்டவணையில் இல்லாவிட்டால் நேராக வகுத்துப் போடலாம். விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஏன் என்று ஓர் ஈ, காக்கைகூடக் கேட்காது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மறுபடி எழுந்தார்.

“என்ன சார், காலையிலேருந்து ஒரே ஃபைலைத் தாலாட்டிக்கிட்டு இருக்கீங்க? இன்னுமா அது தூங்கல?”

அடுத்த மேஜைக்காரி. பட்டியலைத் தட்டச்சு செய்கிறவள்.

“அட்டவணையில இல்லம்மா.”

“இல்லன்னா வகுத்துப் போட்டு மூட வேண்டியதுதானே? குடுங்க, நான் பாக்கறேன். ரெண்டு நிமிஷ வேலை.”

ஃபைலை நீட்டினார். அவள் விரல் அதன் ஓரத்தைத் தொட்டும்விட்டது.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“அடேயப்பா! யாரு சார், சொந்தக்காரப் பிள்ளையா?”

“இல்ல. யாரோ.”

“யாரோ பெத்த பிள்ளைக்கு இந்தப் பாடா!” என்று சிரித்தபடி அவள் திரும்பிக்கொண்டாள்.

அவர் தொலைபேசியை எடுத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்குப் போட்டார். கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழைய மதிப்பெண் முறையையே வைத்திருக்கிறீர்களா, மாற்றிவிட்டீர்களா? மாற்றியிருந்தால் தாய்வீட்டு அட்டவணை செல்லாது. இரண்டு புள்ளி ஐந்து ஆறுதான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். சாப்பாட்டு நேரத்தில் யார் எடுக்கப்போகிறார்கள் என்று காதிலிருந்து இறக்கும்போது எடுத்துவிட்டார்கள்.

எடுத்தவர் வாயில் சோறு இருந்தது. “பழைய முறையேதாங்க. பேர்ப்பலகை மட்டும்தான் புதுசு.”

எழுத்தில் வேண்டும் என்றார் தசமம். அந்த மனிதர் கையைக் கழுவிவிட்டு வந்து உடனே மெயில் அனுப்பினார். ஒரே ஒரு வரி. அதை இவர் மூன்று தரம் படித்தார். ஒரு வரிக்குள் எங்கே போய் ஓட்டை தேடுவது?

ஜன்னல் வரை நடந்தார். வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்க முடியாமல் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தார்.

நூற்று நாற்பத்தொன்றுக்கு நேரே மூன்று புள்ளி ஏழு என்று எழுதினார். கீழே காரணத்தை எழுதி, மெயிலையும் இணைத்து, கையெழுத்துப் போட்டார். ஏழில் பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.

“பரவாயில்லையே சார், கரையேத்திட்டீங்களே! உங்களுக்குப் புண்ணியம்.” அவள் எண்ணைப் பட்டியலில் ஏற்றினாள். “எண்பத்தாறுதான் பாவம். மூணாவது தடவையா விண்ணப்பம் போட்டிருக்கு. இடம் இல்லன்னு மெயில் தட்டிவிட்டுடட்டுமா?”

“இன்னிக்கு வேணாம்மா. நாளைக்கு அனுப்பு.”

“ஏன் சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வீட்டுக்குப் போய் நானே சொல்லிக்கறேன். முதல்ல அவ சாப்பிட்டு முடிக்கட்டும்.”