மணியடிக்காத காரியதரிசி

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். ஒண்ணு அந்த ஆளு காரியதரிசியா இருக்கணும், இல்லே நான் மெம்பரா இருக்கணும்" என்றபடி கோட்டை மாட்டிக்கொண்டார் போஸ்ட்மாஸ்டர் சவுரியப்பன்.

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க" என்றாள் மனைவி.

"இன்னிக்குப் பிரேரணை எழுதியே வச்சிருக்கேன். ஒன்பது குற்றச்சாட்டு."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பென்னாகரம் பக்கத்து அந்த ஊரில் பொதுஜன சேவா சங்கம் ஆரம்பித்து ஒரு வருஷம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். வாரம் ஒரு விருந்தாளி வந்து பேசுவார். அரை மணி ஆனதும் காரியதரிசி மணியடித்து நிறுத்த வேண்டும். காரியதரிசி சென்னப்பன் வாத்தியாரோ அந்த முப்பத்தெட்டாம் வருஷக் கோடை பிறந்ததிலிருந்து மணியைத் தொடவே இல்லை.

போதாக்குறைக்கு, வாய் ஓயாதவர்களாகவே தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். வக்கீல் ஒருவர் தேனீ வளர்ப்பைப் பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். ரிட்டயரான ரெவினியூ இன்ஸ்பெக்டர் ஒருவர் தன் சர்வீஸ் கதையை ஆரம்பித்து, விளக்கு வைக்கிற நேரத்தில்தான் இரண்டாவது தாலுக்காவுக்கே மாற்றலாகிப் போனார்.

அக்கிராசனர், ஊர் நிலமெல்லாம் ஆண்ட மிட்டாதார் தீர்த்தகிரியும், மாலையும் கழுத்துமாகத் தலைமை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். வேறு வழியில்லை. கடைசியில் காரியதரிசி நன்றி சொல்லும் வந்தனோபசாரம் முடிகிறவரை அக்கிராசனர் எழுந்திருக்கக் கூடாது என்பது கலெக்டர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து அவரே போட்ட சட்டம்.

அன்றைக்கு வந்தவர் சேலத்து டாக்டர். காலராவைப் பற்றிப் பேச்சு. தன் பிரேரணைக்கு முறை வர எப்படியும் ஏழு மணியாகும் என்று, பொடி போடுகிற சாக்கில் சவுரியப்பன் வெளியே வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மிட்டாதாரின் தோப்பு. அங்கே ஒரே சந்தடி. எட்டிப் பார்த்தார்.

கிணற்றில் மாடு பூட்டிய கவலை ஓடிக்கொண்டிருந்தது. மிட்டாதாரின் பண்ணையாள் நாகன் மாடுகளை ஓட்ட, தோல் சாலில் ஏறிவந்த தண்ணீர் தொட்டியில் கொட்டியது. தொட்டியைச் சுற்றிச் சேரிப் பெண்கள், குடமும் பானையுமாக. வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தவள் சென்னப்பன் வாத்தியாரின் மனைவி மாதம்மாள்.

சவுரியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழை பொய்த்துச் சேரிக் குட்டை வெடித்துக் கிடந்தது. ஊரில் தண்ணீர் இருந்த ஒரே கிணறு இதுதான். தினம் சாயங்காலம் மிட்டாதார் கிணற்று மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சேரி ஆட்கள் யாரும் அண்டாமல் பார்த்துக்கொள்வார். சனிக்கிழமை மட்டும் அவர் சேவை செய்யப் போய்விடுவார்.

"என்னாம்மா இது?"

மாதம்மாள் ஒளிக்கவில்லை. "மத்த நாள்ல மூணு மைல் நடந்து, ஓடையில ஊத்து தோண்டிக் கலங்கலைக் குடிக்கறாங்க. வாரத்துல இந்த ஒரு நாள்தான் நல்ல தண்ணிங்க. அரை மணியில பத்து வூட்டுக்குத்தான் ஆவும். மொத்தம் நாப்பது வூடு. அதான் அவரு நல்லா பேசறவங்களாப் பாத்துக் கூட்டியாறாரு. டாக்டர் எவ்வளவு நேரம் பேசுவாருங்க?"

பதில் சொல்வதற்குள் பள்ளிக்கூடத்தில் கைதட்டல் கேட்டது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய டாக்டர் இருபதே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். மாதம்மாளின் முகம் செத்துப்போயிற்று. "மிட்டாதாரு இப்ப வந்தா நாகன் தோலை உரிச்சுடுவாருங்க."

சவுரியப்பன் ஓடினார். வேட்டி தடுக்கத் தடுக்க, அந்த வயதில் ஓடக் கூடாத ஓட்டம்.

உள்ளே சென்னப்பன் வெளிறிப்போய், வந்தனோபசாரம் சொல்ல எழுந்து நின்றார். மிட்டாதார் மாலையில் கை வைத்துவிட்டார்.

"அக்கிராசனர் உக்காரணும். காரியதரிசி மேல ஒரு பிரேரணை இருக்குது" என்றார் சவுரியப்பன், மூச்சிரைக்க. "ஒன்பது குற்றச்சாட்டுங்க. ஒண்ணொண்ணா விவரமாச் சொல்லணும்."

சென்னப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மிட்டாதார் ஆசையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க, சொல்லுங்க."

முதல் குற்றச்சாட்டு, மணியடிக்காதது. கோயிலில் எதற்கு அடிக்கிறார்கள், மாதா கோயிலில் எப்படி அடிக்கிறார்கள், ரயில் ஸ்டேஷனில் எத்தனை தடவை அடிக்கிறார்கள் என்று விளக்கவே அரை மணி ஆயிற்று. இரண்டாவதற்கு ஆதாரமாக, வக்கீலின் தேனீக்களை ஒன்று விடாமல் திரும்பப் பறக்கவிட்டார். மூன்றாவதில் ரெவினியூ இன்ஸ்பெக்டரை ஜில்லா முழுக்க மாற்றிப்போட்டார். அதுவரை நாலு பேர் முன்னால் நின்று பேசியறியாத மனிதர் அவர்.

மிட்டாதார் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். மூன்றாவது தடவை கெஞ்சலாகவே பார்த்தார்.

"வந்தனோபசாரம் இன்னும் ஆவலீங்களே" என்றுவிட்டு சவுரியப்பன் நாலாவதுக்குப் போனார்.

ஐந்தாவது குற்றச்சாட்டில் சென்னப்பன் மெல்லத் தலை நிமிர்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு, மிட்டாதாரின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் தளும்பும் குடத்தை இடுப்பில் ஏந்திப் போனாள். அவள்தான் கடைசி. பின்னால் வந்த மாதம்மாள் சவுரியப்பனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சவுரியப்பன் காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார்.

"ஆகையால், சென்னப்பன் வாத்தியாரையே ஆயுசு பூரா நம்ம சங்கத்துக்குக் காரியதரிசியா வச்சுக்கணும்னு பிரேரேபிக்கறேன்."

மெம்பர்கள் வாயைப் பிளந்தார்கள். கால் மரத்துப்போய்த் தவித்துக்கொண்டிருந்த மிட்டாதார்தான் முதலில் கையைத் தூக்கினார். "நானே ஆமோதிக்கறேன். எந்திரிக்க வுட்டாப் போதும்."