வலது கால்

கால் பிரேக்கில்தான் இருந்தது.

மாரீஸ்வரி மனசுக்குள் இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தாள். செருப்புக்குள் வலது கால் விரல்கள் தாமாகவே மடங்கின.

"பாபி, ஒரே ஒரு சைன் போதும்," என்றான், அவளை இந்தியில் அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மகேஷ்குமார். "சர்வேயர் போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. டிரைவர் ஸ்டேட்மெண்ட் ஒண்ணுதான் பாக்கி. இது போனா கிளைம் பாஸ்."

தாராவியில், அறுபதடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்தது இசக்கிதுரையின் கராஜ். யாருடைய காரிலிருந்தோ கழற்றிய சீட்டில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். செம்பூரிலிருந்து இங்கே வந்து போவதே அவளுக்குத் தனி உத்தியோகம் ஆகிவிட்டது. ஒருநாள் பம்பர் வரவில்லை. ஒருநாள் ஹெட்லைட் வந்தது, வேறு மாடல். ஒருநாள் சர்வேயரே வரவில்லை. லீவு கேட்கப் போனால் ஆபீஸில் ரஞ்சனா மேடம், "அபி தக் காடி?" என்று, இன்னுமா கார் முடியவில்லை என்ற அர்த்தத்தில், சிரிக்கிறாள்.

மடியில் கிடந்த தாளை மறுபடி படித்தாள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன் என்று அவள் சொல்வதாக இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது.

"நான் பிரேக்கத்தான் மிதிச்சேன் தம்பி. அது இறங்கல."

சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகள் சாயம் போயிருந்தன.

"ஏட்டி, திரும்பவும் ஆரம்பிக்காத," என்றான் அவள் கணவன் சுடலைக்கண்ணன். "இசக்கிதுரை அக்கு வேற ஆணி வேறயாக் கழட்டிப் பாத்துட்டான். பிரேக்குல ஒரு பழுதும் இல்ல. அப்ப தப்பு யாரு மேல? ரோட்டு மேலயா?"

"பிரேக் பிடிக்கலன்னு எழுதினா கம்பெனிக்காரன் வண்டில ஃபால்ட்டும்பான், என்கொயரி போடுவான், இழுத்துக்கிட்டே போவான்," என்றான் மகேஷ்குமார். "மிஸ்டேக்னு எழுதினா சிம்பிள். சல்தா ஹை, பாபி. எல்லாருக்கும் ஆகுறதுதான்."

"எல்லாருக்கும் இல்லப்பா. லேடீஸ்க்கு." சுடலைக்கண்ணன் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான்.

மாரீஸ்வரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இரண்டுக்கும் தெம்பு வேண்டும்.

அன்றைக்கு டிராம்பே ரோட்டு சிக்னலில் நின்றிருந்த டெம்போவின் முதுகு, கண்ணாடி முழுக்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் மிதித்தாள். எழும்பி நின்று மிதித்தாள். முன்சீட்டில் ஸ்கூல் யூனிபாரமில் இருந்த மகள் சாதனாவின் நெற்றியில் தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு பிள்ளை அழவில்லை. ஒன்றுதான் சொன்னாள்: "மம்மி, இனிமே பப்பாவே ஓட்டட்டும்."

அன்றிலிருந்து மாரீஸ்வரி கார் சாவியைத் தொடவில்லை. அடுப்படியில் நிற்கும்போது குனிந்து வலது காலைப் பார்ப்பாள். தன் கால் எங்கே இருந்தது என்றுகூடவா ஒருத்திக்குத் தெரியாமல் போகும்? போகும் போலிருக்கிறது. பிரேக்கில் பழுதில்லை என்கிறார்கள். அப்படியானால் பழுது இந்தக் காலில்தான். சொந்தப் பிள்ளையை டெம்போவில் கொண்டு போய் மோதிய கால்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பேச்சாவது முடியும்.

"பேனா குடுங்க," என்றாள்.

"ஷாபாஷ்!" மகேஷ்குமார் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

அப்போது வாசலில் ஹாரன் கேட்டது. ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோயிருந்த அவர்கள் காரை இசக்கிதுரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். புது பெயிண்டில் கார் எதுவுமே நடக்காதது போல மின்னியது. சுடலைக்கண்ணன் பாலிதீன் பையிலிருந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த நூலை எடுத்துக்கொண்டு போய், முன் பம்பருக்குக் கீழே குனிந்து கட்ட ஆரம்பித்தான்.

மாரீஸ்வரிக்கு அது கொஞ்சம் விநோதமாக இருந்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் கோயிலிலிருந்து பழம் வாங்கிவந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் டேஷ்போர்டில் வைப்பதுதான் அவன் வழக்கம். உருளுகிறதே என்று அவள் ஒருமுறை எடுத்து டேஷ்போர்டு டப்பாவுக்குள் வைத்ததற்கு, "சாமி பழத்துல கைய வைக்காத" என்று சத்தம் போட்டுத் திரும்ப எடுத்து வைத்தவன். இன்றைக்குச் சாமிக்கு வெளியே இடம் கொடுத்திருக்கிறான்.

எதுவானால் என்ன. பேனாவைத் தாளில் வைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, இந்தத் தடவ பழத்த வெளிய கட்டுதிய?" காரிலிருந்து இறங்கிய இசக்கிதுரை சிரித்தான். "நல்ல காரியம். வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்த அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். பிரேக்குக்கு அடியில நசுங்கிச் சப்பளிஞ்சு கெடந்த பழத்த நீங்கதான குனிஞ்சு எடுத்து பாக்கெட்டுல போட்டிய? அப்படி உருளுற சாமான் எதையும் உள்ள வைக்கப்படாது. மைனி, நீங்களும் பாத்துக்கிடுங்க."

சுடலைக்கண்ணன் நிமிரவில்லை. போட்ட முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டான்.

"மொதல்ல கையெழுத்தப் போடு மாரி," என்று பம்பரைப் பார்த்தே சொன்னான். "மத்தத வீட்ல போயி பேசிக்கிடலாம்."

மாரீஸ்வரி பேனாவை மூடினாள். தாளோடு சேர்த்து அதை மகேஷ்குமாரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"வேற எழுதிட்டு வாங்க தம்பி," என்றாள், குரல் உயராமல். "கால் பிரேக்குலதான் இருந்துச்சு."