பாதியில் நின்ற புகழ்

"நல்ல வார்த்தையைப் பாதியில வெட்டணும்னா, எப்பேர்ப்பட்ட மனசு வேணும்" என்று பல்லைக் கடித்தார் மேலாளர்.

திரையில், ஊழியர்கள் அவரைப் பற்றி வருடாந்திரக் கணக்கெடுப்பில் எழுதிய கருத்துகள். ஒன்றாவது முழுசாக இல்லை. 'இவரைப் போல ஒருவரை நான் பார்த்ததே இல்லை' - அதோடு சரி. 'இவர் மட்டும் இல்லாவிட்டால் இந்த ஆபீஸ்' - அப்புறம் மொட்டை.

மத்தியானம் முதலாளி வந்து இதைப் பார்க்கப் போகிறார். பதவி உயர்வு விஷயம்.

டேட்டாபேஸைக் கவனிக்கும் பெண்மேல் அவருக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். சிரிக்க மாட்டாள், கேட்டதற்கு மேல் பேச மாட்டாள். வெளியாள் ஒருவரை விட்டுத் துருவிப் பார்த்தார். கருத்து எழுதும் பத்தியில் எத்தனை எழுத்து கொள்ளும் என்ற அளவை யாரோ குறைத்திருந்தார்கள். மாற்றியது அவளேதான். மாற்றிய நாள், இவர் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்.

ஆள் படுத்த நேரம் பார்த்து முதுகில் குத்தியிருக்கிறாள். வேலைநீக்க உத்தரவை மேஜைமேல் தயாராக வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

அவள் மறுக்கவில்லை. வெட்டியதெல்லாம் அழியவில்லை, பக்கத்தில் வேறொரு பத்தியில் பத்திரமாக இருக்கிறது என்றாள்.

"அப்ப முழுசாக் கொண்டாங்க. என்னை நாலு பேர் புகழ்ந்தா உங்களுக்கு ஏம்மா வயிறு எரியுது?"

"இப்படியே இருக்கட்டுமே சார்."

"கொண்டாங்கன்னா கொண்டாங்க."

நாலைந்து தட்டு தட்டினாள். வாக்கியங்கள் நீண்டன.

'இவரைப் போல ஒருவரை நான் பார்த்ததே இல்லை, இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.'

'இவர் மட்டும் இல்லாவிட்டால் இந்த ஆபீஸ் நிம்மதியாக மூச்சு விடும்.'

மேலாளர் கீழே கீழே படித்துக்கொண்டே போனார். நெற்றி வேர்த்தது. அவள் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அதிர்ச்சி தர்ற எதுவும் உங்க கண்ணுல படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாராம் சார். உங்க வீட்டம்மா போன்ல அழுதாங்க. ஆஸ்பத்திரியிலயும் நீங்க லேப்டாப்பை விடலையாமே."

உத்தரவை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினார்.

"முதலாளி வர்ற நேரம். பழையபடி குறைச்சிடட்டுமா சார்?"

தலையாட்டினார். அவள் எழுந்தபோது ஒன்று மட்டும் கேட்டார். "பேர் போடாம எழுதினதுதான். இருந்தாலும்... இதுல நீங்க எழுதினது எதும்மா?"

"இருக்கறதுலயே நீளமானது சார்."