ஏழாம் நம்பர் கட்டில்

“ஏழாம் நம்பர் கட்டில்னா யாருடீ?”

துவைக்கப் போட்ட வெள்ளைச் சீருடையின் பையில் கிடந்த துண்டுச் சீட்டை அம்மா இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகள் ஓடிவந்தாள். நர்ஸிங் இரண்டாம் ஆண்டு. வார்டில் பயிற்சி தொடங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. குறிப்புச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வார்டை விட்டு வெளியே வர வேண்டும். போன மாதம் இப்படி ஒரு சீட்டைக் கேன்டீன் மேஜையில் விட்டுவிட்டு வந்த மாணவியை மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“குடும்மா அதை!” பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

“கிழிச்சா போச்சா? நான்தான் படிச்சிட்டேனே. ஏழு, பெண், நாப்பத்தெட்டு வயசு, மார்புல கட்டி, நாளைக்கு பயாப்ஸி, காலையில சாப்பிடக் கூடாது. யாரு, மாடி வீட்டு டெய்லரம்மாவா?”

“தெரியாது. நாளைக்குத்தான் வராங்க. பேரெல்லாம் எழுத மாட்டோம், கட்டில் நம்பர் மட்டும்தான்.”

“பேரே எழுத மாட்டீங்களா?”

“மாட்டோம்.”

“ஆளைப் பார்த்தா தெரிஞ்சிடுமே. வந்து சொல்லுவியா?”

“மாட்டேன்.”

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்காமல் என்ன செய்வாள்? வீட்டில் மகளுக்கு வைத்த பெயரே ஓட்டைவாய். பள்ளிக்கூடம் போன காலத்தில் எந்த ரகசியமும் அந்த வாயில் அரை நாள் தங்கியதில்லை. அப்பாவுக்கென்று ஒளித்து வாங்கிய சட்டையின் நிறத்தை, கடையை விட்டு இறங்குவதற்குள் அவருக்கே போன் போட்டுச் சொன்ன மகராசி.

“என்ன நோயின்னு சொல்ல வேணாம். வந்தாங்களா இல்லையான்னு மட்டும் சொல்லேன்.”

“அதையும் சொல்லக் கூடாதும்மா. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். வெளிய தெரிஞ்சா என் படிப்பே போச்சு.”

மகளுக்குச் சந்தேகம் தட்டியது. ஆறு வாரமாக ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத அம்மா, இன்றைக்கு ஏன் இப்படித் துருவுகிறாள்? தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் டெய்லரம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஆறு மாதமாக முகம்கொடுத்த பேச்சு கிடையாது. அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் இப்படி நூல் விட்டுப் பார்க்கிறாளோ?

“அந்த பயாப்ஸி... ரொம்ப வலிக்குமா?” அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மயக்க ஊசி போடுவாங்க. தெரியவே தெரியாது.”

“கட்டின்னாலே அதுதானா?”

“எல்லாக் கட்டியும் அது இல்ல.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பார்த்தியா, பேச்சுக் கொடுத்தே என் வாயைப் பிடுங்கற!”

பக்கத்து அறையில் அப்பா இருமினார். போன வருஷம் நெஞ்சுவலி வந்து செத்துப் பிழைத்தவர். அதிர்ச்சியாக எதையும் அவர் காதில் போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, பூனை ஓடிப்போனதைக்கூட வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. மொட்டை மாடியில் தூங்குகிறது என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா அந்த அறைக் கதவை ஒரு பார்வை பார்த்தாள். “சரி, நான் கேட்டா சொல்ல மாட்ட. அப்பா கேட்டா?”

“அப்பா கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

“அழுது கேட்டா?”

“அழுதாலும் சொல்ல மாட்டேன். போதுமா?”

“அடேங்கப்பா! ஓட்டைவாய்க்கே பூட்டுப் போட்டுட்டாங்களே.” அம்மா சிரித்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில், “நாளைக்கு உன் சித்தியைப் பார்த்துட்டு வரேன். திரும்பி வர சாயங்காலம் ஆகும். அப்பாவுக்கு மாத்திரை எடுத்து வச்சிட்டுப் போறேன்” என்றாள்.

சித்தியா! மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தி காதில் ஒரு சேதி விழுவதும், தெருமுனையில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று. நாளை மதியத்துக்குள் டெய்லரம்மா வரைக்கும் போய்விடும். டெய்லரம்மா நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பாள். அப்புறம் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

“அந்தச் சீட்டைப் பத்தி சித்திகிட்ட மூச்சு விட்ட, உன்னோட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்.”

“நான் ஏன்டி சொல்லப்போறேன்?” என்றாள் அம்மா. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

காலையில் மகள் எழுந்தபோது, காப்பிகூடக் குடிக்காமல் அம்மா கிளம்பிப் போயிருந்தாள். வம்பளக்க அவ்வளவு அவசரமா என்று மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் நின்றபடி மூன்று முறை போன் போட்டாள். அம்மா போனை அணைத்து வைத்திருந்தாள்.

வார்டில் நுழைந்ததும் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். “ஏழுல ஆள் வந்தாச்சு. உடை மாத்தி உட்கார வச்சிருக்கேன், போய் பி.பி. பாரு. வீட்டுல விஷயம் தெரியாதாம். பக்குவமாப் பேசு.”

டெய்லரம்மாவாகவே இருந்துவிட்டால், அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அம்மாவை மனசுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டே போய், ஏழாம் நம்பர் கட்டிலின் திரையை விலக்கினாள்.

பச்சை கவுனில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த அம்மா, நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா அழுது கேட்டாலும் சொல்ல மாட்டீங்கதானே, சிஸ்டர்?”